எல்லாவற்றையும் அணைத்த பிறகு

ஜனவரி 12

அன்புள்ள அத்தைக்கு,

முதலில் மன்னித்துவிடுங்கள். கடிதம் வந்தாலே கெட்ட செய்தி என்று நினைப்பவர் நீங்கள். உறையைக் கையில் வைத்துக்கொண்டு பிரிக்கப் பயந்து நிற்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். யாருக்கும் ஒன்றுமில்லை. நான் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், போன மாதம் பிடித்திருந்த சளியும் விட்டுவிட்டது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காது எப்படி இருக்கிறது?

போனில் கூப்பிட்டால் "கொரகொரங்குது, வைடி" என்று வைத்துவிடுகிறீர்கள். வீடியோவில் வந்தால் "உன் வாய் ஒரு பக்கம் போகுது, பேச்சு ஒரு பக்கம் போகுது" என்கிறீர்கள். கடிதம் கொரகொரக்காது அல்லவா, அதனால்தான்.

ஒரு செய்தி. என்னை மூத்த சோதனைப் பொறியாளர் ஆக்கியிருக்கிறார்கள். அம்மா தெருவெல்லாம் "என் பொண்ணு ராக்கெட் விடுறா" என்று சொல்லியிருப்பாள், நம்பாதீர்கள். விடுவது வேறு ஆட்கள். அதில் போகிற கேமராவைச் சோதிப்பது என் வேலை. நம் கண்ணுக்கு இல்லவே இல்லை என்று தோன்றும் அளவுக்கு மங்கலான விண்மீன்களை அது மேலே போய்ப் படம் எடுக்கும். போன பிறகு ஒரு திருகு கழன்றாலும் முடுக்குவதற்கு யாரும் ஏறிப் போக முடியாது. அதனால் இங்கேயே அதைக் குலுக்கி, சூடாக்கி, உறைய வைத்து, எங்கே அழுகிறது என்று பார்க்கிறோம். அடுத்தவர் பெற்ற பிள்ளையைக் கிள்ளிப் பார்க்கிற உத்தியோகம்.

வேலை அறையில் தூசி கூடாது. தலை முதல் கால் வரை வெள்ளை உடை, வாயை மூடிய கவசம். கண் மட்டும்தான் வெளியே தெரியும். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. நான் கூச்சப்படுவது யாருக்கும் தெரியாது.

அடுத்த மாதம் கேமராவை ஒரு பெரிய இரும்புத் தொட்டிக்குள் வைத்து, கதவைச் சாத்தி, உள்ளே இருக்கும் காற்றை எல்லாம் உறிஞ்சி எடுக்கப் போகிறோம். பிறகு, கேமராவின் மூடியைக்கூடத் திறக்காமல், கும்மிருட்டில் படம் எடுப்போம். சிரிக்காதீர்கள். ஒன்றுமே இல்லாத இடத்தில் அது என்ன பார்க்கிறது என்று தெரிந்தால்தான், 'இங்கே ஏதோ இருக்கிறது' என்று பின்னால் அது சொல்வதை நம்ப முடியும்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இப்போது வேண்டாம், இன்னொரு கடிதத்தில் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஜனவரி 29

என் அருமை மருமகளே,

உன் உறையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். மாடி வீட்டுத் தையல்காரி ஓடி வந்து, பிரித்துப் படித்து, என் முகத்துக்கு நேரே நின்று, "அக்கா, எல்லாரும் நல்லா இருக்காங்க, இருட்டைப் படம் எடுக்குறாங்களாம்" என்று சொன்ன பிறகுதான் உயிர் வந்தது. இனிமேல் உறையின் மேலேயே 'யாரும் சாகவில்லை' என்று எழுதி அனுப்பு.

நான் நலம். முழங்கால் இருக்கிறது, வலியும் அதைப் பிரியாமல் இருக்கிறது. உனக்குப் பதவி உயர்வு வந்ததில் எனக்குத்தான் பெருமை. மகனைப் பெறாமலே எனக்கு இப்படி ஒரு மருமகள் வாய்த்திருக்கிறாள் பார். தம்பிக்கு மகளாகப் பிறந்தது உன் தலைவிதி, இனி மாற்ற முடியாது.

இருட்டைப் படம் எடுப்பது பெரிய காரியமா? உன் அப்பா எடுத்த போட்டோ எல்லாமே அப்படித்தான் இருக்கும். அவனையும் அங்கே சேர்த்துக்கொள்ளச் சொல்.

ஒரு கூத்து நடந்தது. முனைக் கடையில் சாமான் எடுத்து வைத்தேன். கடைக்காரன் "பையன் இருக்கானா?" என்று கேட்டான். எதற்குக் கேட்கிறான், சம்பந்தம் ஏதும் பேசப்போகிறானா என்று, "அதெல்லாம் இல்லப்பா, நான் கல்யாணமே பண்ணிக்கலை" என்றேன். வரிசையே சிரித்தது. பிறகு பார்த்தால் அவன் கேட்டது "பை இருக்கா?" இப்போதைய ஆட்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். உதட்டைத் திறந்து ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அதுதான் கேட்கிறேன், வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிறீர்களே, ஒருவர் சொல்வது மற்றவருக்கு எப்படிப் புரிகிறது? மில்லில் தறிகள் ஓடும் இரைச்சலில் நாங்கள் உதட்டைப் பார்த்தே முழு சினிமாக் கதையையும் சொல்லி முடிப்போம். அழவேண்டிய இடத்தில் அழுவோம்.

கேட்க வேண்டும் என்றாயே, என்ன? கல்யாண விஷயம் என்றால் உன் அம்மாவோடு நான் சண்டை போட்டுக்கொள்கிறேன், நீ ஒதுங்கி நில்.

உன் அத்தை


பிப்ரவரி 20

அன்புள்ள அத்தைக்கு,

யாரும் சாகவில்லை. உறையின் மேல் எழுத வெட்கமாக இருந்தது, அதனால் உள்ளே எழுதுகிறேன். உங்கள் கடைக்காரர் கதையை மூன்று பேருக்குச் சொன்னேன். காதைப் பற்றிக் கேட்டிருந்தேனே, அதற்குப் பதில் எழுதவில்லை நீங்கள்.

கேமரா இப்போது தொட்டிக்குள் இருக்கிறது. தொட்டி ஒரு லாரி அளவு பெரியது. அதன் தோலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி, டீக்கறை பட்ட சட்டையைப் பற்றிப் பேசுகிறோம். ஒரு கை அகலத்துக்கு அந்தப் பக்கம் காற்று இல்லை, ஒலி இல்லை. கோளுக்கும் கோளுக்கும் நடுவில் இருக்கும் குளிர். முதல் நாள் இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஆகாயத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவந்து இந்த அறையில் வைத்திருப்பது போல இருந்தது.

ஆனால் ஒரு சிக்கல். இருட்டில் எடுத்த படங்கள் கறுப்பாக இருக்க வேண்டும். இடது மூலையில் ஒரு வெண்மை வருகிறது. குளிர்ந்த கண்ணாடியில் யாரோ மெல்ல ஊதியது போல. ஒவ்வொரு படத்திலும், அதே இடத்தில்.

கேமராவின் உள்ளே கோளாறு என்று எங்கள் தலைவர் நினைக்கிறார். அப்படியென்றால் பிரிக்க வேண்டும். பிரித்துச் சேர்ப்பதற்குள் இந்த ராக்கெட் புறப்பட்டுவிடும். அதைவிடக் கொடுமை, உள்ளே இருக்கும் கண்ணாடிகளை முடியிழை பிசகாமல் ஒட்டியிருக்கிறார்கள். ஒருமுறை கழற்றினால் அதே பார்வை அதற்குத் திரும்பி வரும் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். பிரிக்காமலே அனுப்பினாலோ, எந்த மங்கலான விண்மீனுக்காகப் போகிறதோ அது இந்த வெண்மைக்குள் மூழ்கிவிடும். பிரிப்பதா, அனுப்புவதா என்று சோதனைப் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியவள் நான்.

கேமராவை வடிவமைத்தவரைக் கண்ணாடி அண்ணன் என்று கூப்பிடுவோம். ஏழு வருடம் அதற்காகவே உழைத்தவர். கூட்டத்தில் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இருப்பவர்கள் எல்லோரும் சாப்பாட்டு மேசையிலேயே இந்த மாதிரி அறிவியல் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் தொடங்குகிறார். நடுவில் ஒரு இடைவெளி வரும் என்று காத்திருந்தேன். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கினேன். மூக்கைச் சொறிகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


மார்ச் 9

என் மூக்குச் சொறியும் மருமகளே,

இங்கே எல்லோரும் சுகம். உன் அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. நீ நேரத்துக்குத் தூங்குகிறாயா?

பேச்சு வரவில்லை என்றால் வாயையாவது அசை. யாராவது பார்ப்பார்கள். சின்ன வயதிலும் நீ இப்படித்தான். பசித்தால்கூடச் சொல்ல மாட்டாய், சமையலறை வாசலில் வந்து நிற்பாய்.

அந்தக் கேமராவை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. பேசத் தெரியாத சாமானை இத்தனை பேர் சுற்றி நின்று குற்றம் சொன்னால் அது என்ன செய்யும்?

என் வீட்டிலும் ஒரு தொல்லை. ஏதோ ஒன்று ஓயாமல் விசிலடிக்கிறது. முதலில் குக்கர் என்று அடுப்பை அணைக்கப் போனேன், அடுப்பைப் பற்றவே வைக்கவில்லை. பிறகு ஃப்ரிட்ஜ்தான் என்று தெரிந்தது. மெக்கானிக் இரண்டு தடவை வந்துவிட்டான். காதை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லையே அம்மா, நல்லாதானே ஓடுது" என்கிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காது மந்தம். மின்விசிறியை நிறுத்தினேன், டிவியைப் பிடுங்கினேன். கடைசியில் ஒரு நாள் மெயினையே அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அப்போதும் கேட்கிறது! மாடி வீட்டுத் தையல் மெஷினாகத்தான் இருக்கும். கேட்டால் அவள் ஊருக்குப் போயிருந்தேன் என்கிறாள். ஃப்ரிட்ஜை மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

உன் அத்தை


மார்ச் 21

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்த மறுநாளே கூட்டம். அப்பாவின் இருமல் குறைந்தது நிம்மதி. நான் நன்றாகத்தான் தூங்கினேன், கூட்டத்துக்கு முந்தைய நாள் தவிர.

பேசிவிட்டேன், அத்தை.

கேமராவைப் பிரிப்பது என்று கூட்டத்தில் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. கையெழுத்துக்குத் தாளை என் பக்கம் நகர்த்தினார்கள். உங்கள் ஃப்ரிட்ஜும் மின்விசிறியும்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தன. நீங்கள் மெயினை அணைத்துப் பார்த்தீர்கள். நாங்கள் எதையும் அணைத்துப் பார்க்கவில்லை. கை தானாக மேலே போனது.

தலைவர் பார்த்துவிட்டு, "என்னம்மா, இன்னைக்கும் மூக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு இடைவெளி கிடைத்தது.

"சார், ஒருவேளை கேமரா சரியா பார்க்குதோ என்னவோ."

"அப்படின்னா?"

"உள்ள நிஜமாவே வெளிச்சம் இருந்தா?"

"பூட்டின தொட்டிக்குள்ள, காத்துகூட இல்லாத இடத்துல, எவன் போய் விளக்கேத்தினான்?"

"தெரியலை சார். ஒண்ணொண்ணா அணைச்சுப் பார்த்தா தெரிஞ்சுடும்."

"தெரியலைன்னா?"

"கையெழுத்துப் போட்டுடறேன்."

கண்ணாடி அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "போகட்டும் சார், ஒரு வாரம் குடுங்க. பிள்ளையை அறுக்கறதுக்கு முன்னாடி காய்ச்சல் யாருக்குன்னு பார்த்துடலாம்" என்றார்.

ஒரு வாரம் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றும் அகப்படாவிட்டால் கேமராவைப் பிரிக்கும் தாளில் என் பெயர் இருக்கும். பயமாக இருக்கிறது. ஆனாலும் இன்று இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஏப்ரல் 2

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை, அதனால் இன்னொன்று எழுதுகிறேன்.

கண்டுபிடித்துவிட்டோம்!

முதலில் அறை விளக்குகளை அணைத்தோம், வெண்மை போகவில்லை. தொட்டியின் கண்ணாடிச் சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினோம், போகவில்லை. மோட்டார், சூடேற்றி, வெப்பம் பார்க்கும் கம்பிகள் என்று ஒவ்வொன்றாக நிறுத்தினோம். போகவே இல்லை. கடைசியில் மிஞ்சியது கேஜ் ஒன்றுதான். தொட்டிக்குள் காற்று எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் சின்னக் கருவி. அதை யாரும் சந்தேகிக்கவே இல்லை. அதைப் பார்த்துத்தானே மற்ற எல்லாவற்றையும் சந்தேகிக்கிறோம்! "அதை அணைச்சா குருடனாட்டம் நிப்போம்" என்றார்கள். ஒரு படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் என்று கெஞ்சி அணைத்தேன்.

படம் வந்தது. மூலை கறுப்பு.

மறுபடி போட்டோம், அந்த வெள்ளை மூச்சு திரும்பி வந்தது. அணைத்தோம், போனது. கண்ணாடி அண்ணன் இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, "நான் பெத்ததை எல்லாரும் சேர்ந்து திருடன்னு சொல்லிட்டீங்களேடா" என்று சொல்லிவிட்டுக் கவசத்துக்குள்ளேயே அழுதார்.

அந்தக் கேஜுக்குள் முடி போல ஒரு கம்பி பழுத்து எரியும். காற்றின் மிச்சத்தை அளக்க அது தேவை. அந்தக் கம்பியின் வெளிச்சம் தொட்டிச் சுவரில் பட்டு, இன்னொரு சுவரில் பட்டு, மூடியின் மடிப்புக்குள் நுழைந்து கேமராவை அடைந்திருக்கிறது. அங்கே நீங்களும் நானும் நின்றிருந்தால் கும்மிருட்டு என்றுதான் சொல்லியிருப்போம். எங்கள் இத்தனை பேருக்கும் தெரியாத ஒரு விளக்கை அது பார்த்துவிட்டு, வாரக்கணக்காகப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒன்றுமில்லை என்று அளப்பதற்காக நாங்களே ஏற்றி வைத்த விளக்கு, அத்தை! அன்று மாலை அறைக்கு நடந்து வரும்போது வானத்தை நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது. அங்கே எத்தனை சொல்லிக்கொண்டிருக்கிறதோ, நமக்குத்தான் கண் போதவில்லை.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் அது இருந்திருந்தால், கோளாறு வெளியே இல்லை, உள்ளேயேதான் என்று எழுதிக் கொடுத்திருப்பேன். வேறு வழி இல்லை. நல்லவேளை!

உங்கள் மெயின் சுவிட்சுக்கு நன்றி.

அன்புடன்,
உங்கள் மருமகள்


மே 11

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? உங்களிடமிருந்து கடிதம் வந்து வெகுநாள் ஆகிறது. அம்மாவைக் கேட்டால் "நல்லாதான் இருக்கா, கதவைச் சாத்தியே வெச்சிருக்கா" என்கிறாள்.

போன கடிதத்தில் ஒரு வரியை நான் எழுதாமல் இருந்திருக்கலாம். தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் பாதித் தெரு வந்த பிறகுதான் உறைத்தது. திரும்பி ஓடினேன். பெட்டியின் வாய்க்குள் கை நுழையவில்லை. எந்த வரி என்று சொல்ல மாட்டேன், அதை இரண்டாவது தடவை எழுத எனக்கு மனம் வரவில்லை.

கேமரா மீதிச் சோதனைகளில் தேறிவிட்டது. குலுக்கும் மேசையில் அரை நாள் ஆடியும் ஒரு திருகு அசையவில்லை. ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


ஜூன் 8

மருமகளுக்கு,

சுகம். வீட்டில் எல்லோரும் சுகம். உன் கடிதங்கள் வந்தன. எழுதத்தான் கை வரவில்லை.

கேமரா தேறியது சந்தோஷம். அந்தக் கண்ணாடி அண்ணனை நான் விசாரித்ததாகச் சொல். அழுத மனிதருக்கு யாராவது தேநீர் கொடுத்தீர்களா, இல்லையா?

ஃப்ரிட்ஜ்காரனை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது நல்ல ஃப்ரிட்ஜ். தையல்காரியிடமும் போய், உன் மெஷின் மேல் தப்பில்லை என்று சொன்னேன். அவள் ஏதோ சொன்னாள். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஒன்று கேட்கிறேன், சும்மாதான். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் அந்த வெளிச்சம் இருந்திருந்தால், உள்ளேயேதான் என்று தெரிந்திருந்தால், அந்தக் கேமராவை என்ன செய்வீர்கள்? எதற்கும் உதவாது என்று ஓரமாக வைத்துவிடுவீர்களா?

வெயிலில் அலையாதே.

அத்தை


ஜூன் 17

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணாடி அண்ணனுக்குத் தேநீர் கொடுத்தோம், இரண்டு குவளை. நீங்கள் விசாரித்ததைச் சொன்னதும், "உங்க அத்தைக்கு வேலை போட்டுக் குடுங்கப்பா" என்றார்.

நீங்கள் சும்மா கேட்டதற்கு நான் சும்மா பதில் எழுத முடியாது. முதலில் ஒரு திருத்தம். கேஜை அணைத்ததும் படம் கறுப்பாக வந்தது என்று எழுதினேன். மூலையில் அந்த வெண்மை போனது உண்மை. ஆனால் முழுக் கறுப்பு இல்லை. உற்றுப் பார்த்தால் படம் முழுவதும் பொடிமணல் தூவியது போலப் புள்ளிகள் மினுங்கும். அவை வெளியிலிருந்து வந்தவை அல்ல. கேமராவுக்குச் சொந்தமானவை. உடம்பில் சூடு இருக்கிற வரைக்கும், அதற்குள் மின்சாரம் ஓடுகிற வரைக்கும் அவை இருக்கும். இந்த உலகத்தில் செய்த எந்தக் கேமராவும் இருட்டில் சும்மா இருப்பதில்லை, அத்தை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விதம். ஆயிரம் கேமராவுக்கு நடுவில் வைத்தாலும் இதன் இருட்டை மட்டும் காட்டினால் இதுதான் என்று சொல்லிவிடுவேன்.

அதற்காக எதையும் ஓரமாக வைப்பதில்லை. அந்த இருட்டைத்தான் முதலில் படம் எடுத்துப் பத்திரமாக வைக்கிறோம். எந்தப் புள்ளி எங்கே, குளிரில் எப்படி, சூட்டில் எப்படி என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து பழகுகிறோம். பிறகு அது விண்மீனைப் படம் எடுத்து அனுப்பும்போது, இது உன்னுடையது, இது அங்கிருந்து வந்தது என்று பிரித்து எடுத்துவிடலாம். என் வேலையில் பாதி இதுதான்.

காதில் அப்படிப் பிரிக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத மாட்டேன். தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

நேற்று கேமரா ராக்கெட் ஏவும் இடத்துக்குப் போய்விட்டது. குழந்தையைத் துணியில் சுற்றுவது போலச் சுற்றி, பெட்டியில் வைத்து, லாரியில் ஏற்றினார்கள். லாரி நடக்கும் வேகத்தில்தான் போனது. நாங்கள் வாயிற்கதவு வரைக்கும் கூடவே நடந்தோம். இன்னும் சில வாரங்களில் அது மனிதர் யாரும் கேட்டிராத ஒரு மௌனத்துக்குள் இருக்கும்.

ஜூலை முதல் வாரம் எனக்கு விடுமுறை. நேரே உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறேன். உங்கள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, உதட்டை நன்றாகத் திறந்து பேசுவேன். மில்லில் பேசிய பேச்சை எனக்குக் கற்றுக்கொடுங்கள், எனக்கும் சத்தம் போட்டுப் பேச வராது, பொருத்தமாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்

பி.கு. ஜனவரியில் கேட்க நினைத்தது, காது டாக்டரிடம் போவீர்களா என்று. அது அம்மா சொல்லிக்கொடுத்த கேள்வி. அதை ஜூலையில் நேரில் கேட்டுக்கொள்கிறேன், திட்டுவதென்றால் அப்போது திட்டுங்கள். இப்போது கேட்பது என்னுடையது. மெயினை அணைத்துவிட்டு வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தீர்களே, அப்போது கேட்டது எப்படி இருந்தது? விசில் என்று மட்டும் எழுதியிருந்தீர்கள், அது போதாது. மெல்லியதா, கூர்மையானதா, ஒரே சீராக வருகிறதா, ஏறி இறங்குகிறதா? ஒரு காதிலா, இரண்டிலுமா? தறிகளின் சாயல் ஏதும் அதில் இருக்கிறதா? உங்களுக்கு மட்டும் கேட்கிற அந்தச் சத்தத்தை, ஒன்று விடாமல் எனக்கு எழுதுங்கள், அத்தை.